வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? இறங்குவதைப் பற்றி முதலில் பேசுவோம்

கோவைப் பக்கம் அடுத்தடுத்து ஏழு மலை ஏறி உச்சியில் சிவனைக் கும்பிடுகிற வெள்ளியங்கிரிக்கு ஒன்பது தடவை ஏறியிருக்கிறேன். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். நாள் முழுக்க நின்றே பழகிய கால். அந்தத் தைரியத்தில் முதல் தடவை புது ஷூவும் ஜீன்ஸும் மாட்டிக்கொண்டு போனேன். ஏறியதில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது இரண்டாம் மலையிலேயே தொடை தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்தது. முதல் மலைப் படிகளைப் பக்கவாட்டில் நண்டு போலத்தான் இறங்கினேன். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, ஒரு மாதத்தில் கழன்று விழுந்தன.

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முட்டி வேண்டும். எல்லோரும் மூச்சைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஒரு மாதம் முன்பே பழக ஆரம்பியுங்கள். நான் வாரம் இரண்டு நாள் மருதமலைப் படி ஏறுவேன். ஏறிவிட்டு பஸ்ஸில் வந்தால் பயன் பாதிதான், படியிலேயே இறங்க வேண்டும். பிரஷர், இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம். சீசனுக்குச் சீசன் மூச்சுத் திணறி இறந்தவர்கள் பற்றிய செய்தி வருகிறது. மேலே யாருக்காவது முடியாமல் போனால் தூக்கித்தான் இறக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

வனத்துறை மலையேற விடுவது பிப்ரவரியிலிருந்து மே வரை. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் நெரியும். முதல் தடவை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்து, சாதாரண வார நாளாகப் பாருங்கள். கோவை காந்திபுரத்திலிருந்து மலை அடிவாரமான பூண்டி சுமார் 40 கிலோமீட்டர். நான் சாயங்காலமே போய், அடிவாரக் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் பத்து மணிவாக்கில் ஏற ஆரம்பிப்பேன். இரவில் வெயில் இல்லை. இன்னும் எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குத் தெரியாததும் ஒரு வசதிதான்.

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். உங்கள் மார்பு உயரத்துக்கு, கணு நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். தரையில் ஊன்றி உடம்பைச் சாய்த்துப் பாருங்கள், வளைந்தால் வேறு கேளுங்கள். பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் கவரெல்லாம் போய்விடும். கடலைமிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலையைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் டார்ச், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மாற்றிக்கொள்ள ஒரு சட்டை. அவ்வளவுதான். நன்றாகத் தேய்ந்து பழகிய செருப்போ ஷூவோ போதும், புதுசு மட்டும் ஆகாது.

ஏழு மலைகளில் ஆளை ஓட ஓட விரட்டுவது முதல் மலைதான். முழுக்கக் கல்படி, செங்குத்து. வெள்ளைப் பிள்ளையார் கோயில் வருவதற்குள் பாதிப்பேர் "திரும்பிடலாமா சாமி" என்பார்கள். (மேலே எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான், பேரன் வயதுப் பையனும் சாமி.) அங்கே முடிவெடுக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே ஏற முடிகிற அளவில் நடந்தால் அடுத்தடுத்த மலைகள் அவ்வளவு கொடுமை இல்லை. வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று தண்ணீர் உண்டு. நின்று குடியுங்கள். உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கால் இறுகிவிடும்.

ஐந்தாம் மலை புல்வெளி, மரமே இல்லை, காற்று நேராக முகத்தில் அடிக்கும். அங்கே வேர்வைச் சட்டையோடு நின்றால் பல் கிட்டித்துவிடும். அந்த மாற்றுச் சட்டை இதற்குத்தான். ஆறாவதில் இறங்கினால் ஆண்டி சுனை. குளிப்பவர்கள் குளிப்பார்கள், நான் கைகால் நனைத்துக்கொள்வதோடு சரி. அதிகாலை நான்கு மணிக்கு அந்தத் தண்ணீரில் முங்க எனக்கு இன்னும் பக்தி போதவில்லை.

ஏழாவது மறுபடி செங்குத்து. மண்ணும் சிறு கல்லும் சறுக்கும், முதலில் தடியை முன்னால் ஊன்றி, அப்புறம் காலை எடுத்து வையுங்கள். பெரிய பாறைகளுக்கு நடுவே குகையில் சுயம்பு லிங்கம். வரிசை நகர நகர வெளியே கிழக்கு வெளுக்கும். வெயில் ஏறியதும் சிறுவாணி அணைத் தண்ணீர் கீழே பளபளக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காதீர்கள், வெயில் உச்சிக்கு வருமுன் பாதி மலையாவது இறங்கியிருக்க வேண்டும்.

இறங்கும்போது ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் முன்னால் போய் முட்டாது. முட்டியை லேசாக மடக்கியே வையுங்கள். சின்னச் சின்ன அடியாக, தடி முதலில், கால் அப்புறம். குதிக்கவே குதிக்காதீர்கள். உங்களைத் தாண்டி ஓடும் பையன்களை ஓட விடுங்கள், முதல் மலைப் படியில் பார்க்கலாம்.

அடிவாரம் வந்ததும் அப்படியே உட்காராமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள். மறுநாள் லீவு போட்டுவிடுங்கள். வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறை என்றால், பிடித்துக்கொள்ள அந்த மூங்கில் தடியைக் கதவோரம் சாத்தி வையுங்கள்.