மெயில் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

"எல்லா இடமும் தேடியாச்சு மக்கா, காணல்ல. யாரோ அழிச்சுட்டாவ." மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். 2021-இல் வந்த ஒரு பில் அவருக்கு அவசரமாக வேண்டும். கணினியில் இருந்த பழைய அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் தேடினால் எதுவும் வரவில்லை. அதே வார்த்தையை பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து தேடினேன். பில் வந்து நின்றது.

அந்தக் கணக்கில் ஒரு வருட மெயிலை மட்டும் கணினியில் வைத்துக்கொள்ளும்படி அமைப்பு இருந்தது. அதற்கு முந்தையவை எல்லாம் சர்வரில், அதாவது மெயில் சேவை தருபவரின் கணினியில், பத்திரமாக இருந்தன. தேடல் முடிவுகளின் அடியில், சர்வரிலும் தேடவா என்று அவுட்லுக் சின்னதாக ஒரு இணைப்பைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

தேடியது கணினியா, சர்வரா என்று கேட்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தேடல் பெட்டி, தன் கணினியில் கட்டிவைத்த இன்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணையில் மட்டும் பார்க்கும். குப்பைத் தொட்டியும் ஸ்பாம் ஃபோல்டரும் வழக்கமாக அந்த இன்டெக்ஸில் சேராது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேறொரு ஜன்னல் வரும். தேடலை சர்வரிலேயே நடத்து என்று அதில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டால் சர்வர் தேடும், எடுத்தால் இந்தக் கணினி தேடும். ஒரே வார்த்தைக்கு இரண்டு விடை வருகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் அந்த டிக்கைப் பாருங்கள்.

வெப்மெயிலில் தேடிப் பார்ப்பது நல்ல சோதனைதான், ஆனால் அதிலும் வழுக்கும் இடம் உண்டு. சின்ன ஹோஸ்டிங் (மெயிலுக்கு சர்வர் இடம் வாடகைக்குத் தரும் சேவை) கணக்குகளில் பெரும்பாலும் ரவுண்ட்க்யூப் என்ற வெப்மெயில் இருக்கும். அது வழக்கமாகத் தலைப்பையும் அனுப்பியவர் பெயரையும் மட்டும், அதுவும் திறந்திருக்கும் ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டி, மெயில் முழுவதும், எல்லா ஃபோல்டரும் என்று மாற்றிவிட்டுத் தேடினால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம். சர்வரில் இருக்கும் மெயிலை மென்பொருள் அங்கேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையே அப்படித்தான், தேடல் கட்டளை திறந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் ஓடும். 2018, 2019 என்று வருடவாரியாக ஃபோல்டர் போட்டு அடுக்கி வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். அதை நமக்காகச் செய்கிற மென்பொருளும் உண்டு, செய்யாததும் உண்டு.

இனி தமிழில் தேடுவதற்கு வருவோம். நம் ஊர்ப்பக்கம் அதிகம் சிக்கல் வருவது இதில்தான்.

குளச்சலுக்குப் போன சரக்கு பற்றிய மெயில் வேண்டும் என்று வையுங்கள். 'குளச்சல்' என்று அடிக்கிறீர்கள். மெயிலில் இருப்பது 'குளச்சலுக்கு'. கண்ணுக்கு ஒன்று இன்னொன்றின் உள்ளே இருப்பது போலத் தெரியும். கணினிக்கு அப்படி இல்லை. 'ல்' என்பது அதற்கு ல-வும் புள்ளியும், 'லு' என்பது ல-வும் உகரக் குறியும். எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடும் தேடலில் அந்தப் புள்ளி இடறும், மெயில் வராது. அதனால் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'குளச்சல' என்று தேடுங்கள். குளச்சல், குளச்சலில், குளச்சலுக்கு மூன்றும் வரும். ஜிமெயில் மாதிரி முழுச் சொல்லாகப் பார்க்கும் இடங்களில் இந்த வழி உதவாது. அங்கே 'குளச்சலுக்கு' என்றே அடித்துப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலுக்கு இன்னும் கஷ்டம். நாகர்கோவில் என்று எழுதுவோர் உண்டு, நாகர்கோயில் என்று எழுதுவோரும் உண்டு. அதோடு 'கோ'-வின் குறியை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பாக முன்னால் நிற்கும் ஏகாரக் குறியும் பின்னால் காலும் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில சர்வர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும், சில பார்க்காது. ஆகவே 'நாகர்க' என்று நிறுத்திவிடுவது நல்லது. ஆங்கிலத்திலும் கன்னியாகுமரிக்கும் தக்கலைக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், அங்கும் வார்த்தையைச் சுருக்கித்தான் தேட வேண்டும்.

பழைய மெயில் என்றால் எழுத்துருவையும் யோசியுங்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பல டைப்பிங் கடைகளில் பாமினி மாதிரி எழுத்துருக்கள் ஓடின. பாமினியில் திரையில் 'அ' என்று தெரிவது உள்ளே சின்ன ஆங்கில 'எம்' எழுத்துதான். யூனிகோடில் அடித்து அதைத் தேடினால் எந்தச் சர்வராலும் கண்டுபிடிக்க முடியாது. பில் எண், தேதி, அனுப்பியவர் முகவரி இவற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

தேதியை நம்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு தேதி: அனுப்பியவர் பக்கம் மெயிலின் மேற்குறிப்பில் (ஹெடர்) போட்ட தேதி ஒன்று, சர்வர் குறித்து வைக்கும் தேதி இன்னொன்று. ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மெயில்களை மாற்றும்போது இரண்டாவது தேதி மாற்றிய நாளாகவே பதிவாகிவிடுவதுண்டு. அப்போது 2019 மெயிலை 2019-க்குள் தேடினால் வராது. தேதியை எடுத்துவிட்டு ஒருமுறை தேடுங்கள்.

ஸ்கேன் செய்து இணைத்த பில்லுக்குள் இருக்கும் எழுத்தை சாதாரண ஐமேப் தேடல் படிக்காது. மெயிலில் எழுதியிருப்பதைத்தான் தேட முடியும்.

சரி, சிக்கல் இன்டெக்ஸில்தான் என்று தெரிந்த பிறகு செய்யும் தவறுகளும் உண்டு. தண்டர்பேர்டை மூடிவிட்டு இன்டெக்ஸ் கோப்பை அழித்தால் அது புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் கட்டி முடிவதற்குள் தேடிவிட்டு, இப்போதும் வரவில்லையே என்று மறுபடி அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் மெயில் இருந்தால் நேரம் எடுக்கும். அவுட்லுக்கில் இன்டெக்ஸ் நிலையைத் திறந்தால் இன்னும் எத்தனை பாக்கி என்று எண் காட்டும். அது பூஜ்யம் ஆகும்வரை காத்திருங்கள். சாரல் நாளில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் நம்முடையது. யுபிஎஸ் இல்லாத கணினியில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கணக்கையே எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பது. ஐமேப் என்றால் சர்வரில் பிரதி இருக்கும், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கு என்றால் பழைய மெயில் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். அதை அழித்தால் போனது போனதுதான். கை வைக்கும் முன் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். மெயில் ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்த பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

கடைசியாக, சர்வரைப் பார்க்கிறவரிடம் புகார் சொல்லும் விதம். சர்வர் தேடிப்பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்வது வேறு. இந்த எழுத்து முறை எனக்குத் தெரியாது என்று தேடவே மறுப்பது வேறு. 2003-இல் வந்த ஐமேப் தரப்படி சர்வர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது ஆங்கில எழுத்து முறை மட்டும்தான், 2021-இல் வந்த தரம்தான் தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8 என்ற முறையைக் கட்டாயமாக்கியது. அதனால் ஆங்கில வார்த்தைக்கு விடை தந்துவிட்டு தமிழ் வார்த்தைக்கு மறுக்கிற பழைய சர்வர் இருக்கலாம். இரண்டையும் ஒரே மாதிரி வெறுமையாகக் காட்டும் மென்பொருளும் உண்டு. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாகில்தான் வித்தியாசம் தெரியும். "தேடல் வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் அவரால் லாகில் எதையும் பிடிக்க முடியாது. எந்த ஃபோல்டர், என்ன வார்த்தை, எத்தனை மணிக்குத் தேடினீர்கள், கட்டாயம் வந்திருக்க வேண்டிய ஒரு மெயிலின் தலைப்பும் தேதியும் என்ன, வெப்மெயிலில் வந்ததா, ஆங்கில வார்த்தைக்கு வந்ததா? இவ்வளவையும் ஒரே மெயிலில் எழுதி அனுப்புங்கள்.