தொட்டி வழிந்தது, ஆப் 62 சதவீதம் என்றது: கிளவுட் சென்சார் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு மாடித் தொட்டிக்கு ஒரு வைஃபை நீர்மட்ட சென்சார் வாங்கிப் பொருத்தினேன். தொட்டி நிரம்பினால் கீழே மோட்டார் தானாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். எங்கள் மாடித் தண்ணீர் அவர்கள் வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. போனில் ஆப்பைத் திறந்தால் 62 சதவீதம் என்று காட்டுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைபர் இணைப்பு போயிருக்கிறது. சென்சாருக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் நடுவே நாற்பது அடிகூட இல்லை. ஆனால் சென்சார் சொல்வது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் சுவிட்சுக்குத் தெரியும். இதைத்தான் கிளவுட் என்கிறார்கள்.

அன்று கோபமெல்லாம் கம்பெனி மேல்தான். பிறகு யோசித்தபோது, வாங்குமுன் நான் எதையுமே சரிபார்க்கவில்லை என்பது புரிந்தது.

முதல் குழப்பம், வயர் இல்லாததையும் கிளவுடையும் ஒன்றாக நினைப்பது. சென்சார் எந்த அலையில் பேசுகிறது என்பது ஒரு விஷயம். முடிவை யார் எடுக்கிறார் என்பது வேறு. ஜிக்பீ என்பது வைஃபை போல இன்னொரு வயர்லெஸ் முறை. ஜிக்பீ சென்சாருக்கு இணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டிலிருக்கும் ஹப்போடு (கருவிகளை இணைக்கும் பெட்டி) மட்டும்தான் பேசும். பிலிப்ஸ் ஹ்யூ ஸ்மார்ட் விளக்குகளில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து விளக்கைப் போடும் வேலையை வீட்டிலுள்ள பிரிட்ஜே (அதன் ஹப்) முடித்துவிடும், நெட் தேவையில்லை. ஆனால் ஜிக்பீ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். சில ஹப்கள் செய்தியை வாங்கி அப்படியே சர்வருக்குத் தள்ளிவிடும். 'கதவு திறந்தால் விளக்கு எரியட்டும்' என்ற விதி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மறுபக்கம், ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் போட்ட வைஃபை சென்சார் முழுக்க முழுக்க வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும்.

பேட்டரியில் ஓடும் வைஃபை சென்சார்களிடம் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வைஃபைக்கு மின்சாரம் நிறையத் தேவை. அதனால் அவை பெரும்பாலான நேரம் தூங்கும். ஏதாவது நடந்தால் எழுந்து, ரவுட்டரைப் பிடித்து, சர்வருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். வீட்டிலிருக்கும் வேறு எந்தக் கருவிக்கும் அதைக் கேள்வி கேட்க நேரமே கிடைக்காது. விலை குறைவாக இருக்கிறதே, ஹப் வாங்க வேண்டாமே என்று நாம் விழுவதும் பெரும்பாலும் இந்த வகையில்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பலர் வைஃபையை அணைத்துப் பார்க்கிறார்கள். அது சோதனையே அல்ல. வைஃபை போனால் வீட்டுக்குள் பேசும் கருவியும் ஊமையாகிவிடும். ரவுட்டர் ஓடட்டும், வெளியிலிருந்து இணையம் வரும் வயரை மட்டும் கழற்றுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாக இருந்தால் ஃபைபர் வயரை மடக்காமல் மெதுவாக எடுக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து பாருங்கள், சென்சார் முன்னால் நடந்து பாருங்கள். அதோடு விட்டுவிடாமல், வயர் கழன்ற நிலையிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மின்சாரம் வந்துவிட்டது, நெட் இன்னும் வரவில்லை என்ற நிலை நம் ஊரில் சாதாரணம். சில கருவிகள் எழுந்தவுடன் மணி என்ன என்று இணையத்தைக் கேட்கும். பதில் வராவிட்டால் நேரம் வைத்துச் செய்யும் வேலைகள் குழம்பிவிடும். இதையெல்லாம் பொருளைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

வாங்குமுன்பே தெரிய வேண்டுமென்றால் ஹோம் அசிஸ்டன்ட் (கருவிகளை வீட்டிலிருந்தே இயக்கும் மென்பொருள்) தளத்தில் அந்தக் கருவியின் பக்கத்தைத் தேடுங்கள். அந்த மென்பொருளை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் 'லோக்கல் புஷ்', 'லோக்கல் போலிங்', 'கிளவுட் புஷ்', 'கிளவுட் போலிங்' என்று வகை போட்டிருப்பார்கள். லோக்கல் என்றால் வீட்டுக்குள்ளேயே, கிளவுட் என்றால் சர்வர் வழியாக. புஷ் என்றால் தகவல் தானாக வரும், போலிங் என்றால் அவ்வப்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். விளம்பரத்தைவிட அந்த இரண்டு சொற்களை நான் அதிகம் நம்புகிறேன்.

எனக்கு நடந்ததில் மோசமான பகுதி நெட் போனது அல்ல, அந்த 62. பழைய எண்ணைப் புது எண்போல் ஆப் காட்டியது. தகவல் வராவிட்டால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. சென்சார் விஷயத்தில் அது ஆபத்து. பேட்டரி தீர்ந்த கதவு சென்சார் 'மூடியிருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதில் உள்ளூர் ஏற்பாடும் தப்பவில்லை. ஜிக்பீ கருவிகளை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளில் கருவி தொடர்பில் இருக்கிறதா என்று பார்க்கும் வசதியை இயக்கினாலும், பேட்டரி சென்சார் தொடர்பில் இல்லை என்று அறிவிக்க அது இயல்பாக 25 மணி நேரம் காத்திருக்கும். ஆகவே விதி எழுதும்போது 'நிரம்பினால் நிறுத்து' மட்டும் போதாது. 'ஐந்து நிமிடமாக அளவு வரவில்லை என்றால் நிறுத்து', 'எப்படியிருந்தாலும் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடாதே' என்ற இரண்டும் வேண்டும். அந்த விதிகள் சர்வரில் அல்ல, சுவிட்சிலோ வீட்டு ஹப்பிலோ இருக்க வேண்டும்.

அப்புறம், கம்பெனி என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்ற ரிவால்வ் ஹப்பின் கம்பெனியை 2014இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை மூடியதும் ஹப் வெறும் டப்பாவாகிவிட்டது. விங்க் என்ற இன்னொரு ஹப் கம்பெனி 2020 மே மாதம் திடீரென்று மாதச் சந்தா கேட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் விளக்குக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. உள்ளூர் வழியாக ஹோம் அசிஸ்டன்டோடு இணைத்திருந்தவர்களின் விளக்குகள் அப்போதும் எரிந்தன. சில மாதங்களில் பயனர்கள் சிலர் சேர்ந்து அந்தக் கம்பெனியையே வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். எல்லாருக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் இசட்-வேவ் (ஜிக்பீ போல இன்னொரு வயர்லெஸ் முறை) சென்சார் வாங்கி வரச் சொல்லாதீர்கள். அங்கே அது 908.4 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2. இங்குள்ள ஹப்போடு சேரவே சேராது. ஜிக்பீக்கு இந்தச் சிக்கல் இல்லை, எங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

இதைப் படித்துவிட்டு கிளவுட் என்றாலே விஷம் என்று முடிவுகட்டுவதும் தவறுதான். வெளியூரிலிருந்து வீட்டைப் பார்க்க ஏதோ ஒரு சர்வர் பெரும்பாலும் தேவைப்படும். இங்கே பல இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பங்கிட்டுத் தருவதால், வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைய வழி இருக்காது. எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வைத்துக்கொண்டால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டு செத்துப்போகும் நாளில் ரிப்பேர்காரர் நீங்கள்தான். படுக்கையறை வெப்பநிலையைத் தெரிந்துகொள்ள இவ்வளவு பாடு தேவையா? நெட் போனால் ஒரு நாள் கணக்கு விடுபடும், குடி முழுகாது. தண்ணீர், கேஸ், தீ, கதவு என்று வரும்போதுதான் நான் பிடிவாதம் பிடிப்பேன்.

அதிலும் உள்ளூர் ஹப் கடைசி அரண் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் மின்சாரமும் மொபைல் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை. ரவுட்டருக்கு வைத்த சின்ன யூபிஎஸ் சில மணி நேரம்தான் தாங்கும்.

இப்போது என் மாடித் தொட்டியில் ஈஎஸ்பிஹோம் சென்சார் இருக்கிறது. ஸ்டார்ட்டரோடு ஒரு சாதாரண ஃப்ளோட் சுவிட்சையும் எலக்ட்ரீஷியன் சேர்த்துக் கொடுத்தார். சென்சார் என்ன சொன்னாலும் சரி, மிதவை மேலே வந்தால் மோட்டார் நின்றுவிடும். பழைய கிளவுட் சென்சாரைக் கீழே சம்ப்பில் போட்டிருக்கிறேன். அது மோட்டாரைத் தொடாது, அளவை மட்டும் காட்டும்.