கோல்டு கேம்ப் ரோடு: ரயில் போன மலைத்தடத்தில் கார் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து கிரிப்பிள் கிரீக், விக்டர் என்ற பழைய தங்க வயல் ஊர்களுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு மண் சாலை போகிறது. கோல்டு கேம்ப் ரோடு என்று பெயர். கார்களுக்காகப் போட்ட சாலை இல்லை இது. 1890-களில் கிரிப்பிள் கிரீக்கில் தங்கம் குவிந்தபோது, சரக்கு ரயில்களின் கட்டணம் கட்டுப்படியாகாத சுரங்க முதலாளிகள் தங்கள் பணத்தில் ஒரு ரயில் பாதையே போட்டார்கள். 'ஷார்ட் லைன்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பாதை 1901-இல் திறந்தது. அப்போது துணை அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் அதில் பயணம் செய்துவிட்டு, இந்தக் காட்சியைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை போதாது என்ற பொருளில் வியந்ததாகச் சொல்வார்கள். தங்கம் குறைந்தது, 1920 வாக்கில் ரயிலும் நின்றது. கார்லி என்ற தொழிலதிபர் அதை வாங்கித் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, கட்டணச் சாலையாக நடத்தினார். 1930-களின் கடைசியில் அது எல்லோருக்கும் பொதுவான சாலையானது.

இந்த வரலாறு தெரியாமல் போவதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அகலம், வளைவு, ஏற்றம், சுரங்கப்பாதை எல்லாமே ரயிலின் கணக்குப்படி அமைந்தவை.

முதல் தவறு, சாலை ஒரே நீட்டாகப் போகிறது என்று நம்புவது. வரைபடத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் 1988-இல் மூன்றாம் எண் சுரங்கப்பாதை இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டவில்லை. நார்த் செயென் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள வண்டி நிறுத்துமிடத்தோடு காரின் வேலை முடிந்தது. அங்கிருந்து சுமார் 8 மைல் தூரம் கார் போக முடியாது. நடந்தோ சைக்கிளிலோ குதிரையிலோ போகலாம். முதல் இரண்டு சுரங்கப்பாதைகளையும் ரசித்துக் கடந்து வந்து, தடுப்பைப் பார்த்ததும் திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. கிரிப்பிள் கிரீக் வரை காரில் போக நினைத்தால், நகரத்தின் தென்மேற்கிலிருந்து ஓல்டு ஸ்டேஜ் ரோட்டில் ஏறி, மேலே கோல்டு கேம்ப் ரோட்டைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஓல்டு ஸ்டேஜ் ரோடு ரயில் பாதை அல்ல, குதிரை வண்டிகள் போன வழி. குதிரை செங்குத்தான ஏற்றத்தை மூச்சு வாங்கிக்கொண்டாவது ஏறிவிடும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அப்படி ஏற முடியாது, வழுக்கும். பல் சக்கரம் இல்லாத சாதாரண மலை ரயிலுக்கு 100 அடி தூரத்தில் 4 அடி ஏறுவதே பெரிய விஷயம். அதனால்தான் ரயில் தடம் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து நுழைந்து நிதானமாக ஏறுகிறது. இரண்டு சாலைகளுக்கும் உள்ள இந்த வித்தியாசம் காரில் உட்கார்ந்தாலே தெரியும். மேலே கோல்டு கேம்ப் ரோட்டில் பிரேக்கே அவ்வளவாகத் தேவைப்படாமல் ஓட்டிப் பழகிவிட்டு, திரும்பி வரும்போது அதே நினைப்பில் ஓல்டு ஸ்டேஜில் இறங்குகிறார்கள். பாதி இறக்கத்தில் கருகல் வாடை வரும். இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் அதற்கு வழி இருக்கிறது. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது ஆபத்து மட்டுமல்ல, கொலராடோ சட்டப்படி குற்றமும் கூட.

சாலையின் மேல்பரப்பையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் அரிசி, பட்டாணி அளவுக்குக் கல் துகள்கள் கிடக்கும். பைக்ஸ் பீக் கிரானைட் என்ற, நூறு கோடி ஆண்டுக்கும் மேல் வயதான பாறை வெயிலிலும் பனியிலும் உதிர்ந்து ஆன சரளை அது. காய்ந்து கிடக்கும்போது டயருக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போனதும் சீராக ஓட்ட வேண்டும். பள்ளத்தின் ஓரம் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது.

சாலையின் அகலம் ஒரு ரயிலுக்கானது. எதிரே வண்டி வந்தால் யார் வழிவிடுவது என்று பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில் இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஏறும் வண்டிக்குப் பின்னாலேயே அகலமான இடம் இருந்து, அவர் பின்வாங்குவதுதான் சுலபம் என்றால் மட்டும் விதிவிலக்கு. சுரங்கப்பாதைக்குள் ஒரு வண்டிதான் போக முடியும். வாயிலில் நின்று, உள்ளே விளக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, உங்கள் முகப்பு விளக்கையும் போட்டுக்கொண்டு நுழையுங்கள். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். மலை வெயிலிலிருந்து சட்டென்று இருட்டுக்குள் போனால் சில நொடிகளுக்கு ஒன்றும் தெரியாது.

நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள். நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரத்தில் போகும் ஊருக்கு இந்த வழியில் இரண்டு மணி நேரத்துக்கும் குறையாமல் ஆகும். இடையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வாடகைக் கார் என்றால், மண் சாலையில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பல ஒப்பந்தங்கள் அதைத் தடை செய்கின்றன.

காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டுவது அங்கே வழக்கம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது, கிரிப்பிள் கிரீக் சுமார் 9,500 அடியில். அந்த உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் போனால் தலைவலி வரக்கூடும்.

மழை விஷயத்தில் இன்னொரு சாலையையும் சொல்லியாக வேண்டும். சிலர் கோல்டு கேம்ப் ரோட்டில் போய்விட்டு, விக்டரிலிருந்து தெற்கே ஃபான்டம் கேன்யன் ரோடு வழியாக இறங்குகிறார்கள். அதுவும் பழைய ரயில் தடம்தான். 1894-இல் திறந்த, ஃபிளாரன்ஸ் ஊருக்குப் போன, தண்டவாள இடைவெளி குறைந்த (நேரோ கேஜ்) பாதை. ஆனால் இரண்டையும் ஒன்றாக நினைப்பது பெரிய தவறு. கோல்டு கேம்ப் ரோடு மலைச்சரிவின் மேலே ஓடுகிறது. ஃபான்டம் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில், ஓடையை ஒட்டியே போகிறது. 1912 வெள்ளத்தில் பாலங்களும் தண்டவாளமும் அடித்துப் போகப்பட்டு, அந்த ரயில் சேவை அத்தோடு முடிந்தது. அந்த ஓடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மேலே மேகம் கறுத்திருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் அதற்குள் இறங்காதீர்கள். 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அங்கே அனுமதியும் இல்லை.

மூன்றாம் சுரங்கப்பாதையைப் பற்றி ஒரு பேய்க் கதை சுற்றுகிறது. பள்ளிப் பேருந்து உள்ளே இருக்கும்போது இடிந்து குழந்தைகள் இறந்தார்கள் என்று சொல்வார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே முட்டுக் கொடுத்திருந்த மரம் தளர்ந்து சரிந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையை நம்பி, இரவில் இடிபாட்டுக்குள் நுழைந்து பார்க்கப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். தளர்ந்த கூரை இன்னும் விழக்கூடியது. நடைபாதை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது, அதிலேயே போங்கள். விக்டர் பக்கம் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளுக்கும் இதேதான்.

வழியில் துருப்பிடித்த தண்டவாள ஆணி, பழைய இரும்புத் துண்டு கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பையில் போடாதீர்கள். பெரும்பகுதி தேசிய வன நிலம், பழம்பொருளை எடுப்பது சட்டவிரோதம். அதைவிட, அந்த ஆணி கிடக்கும் இடம்தான் இங்கே ரயில் போனது என்பதற்குச் சாட்சி. ஆளுக்கொன்று எடுத்தால் அடுத்து வருபவருக்கு வெறும் மண் சாலைதான் மிஞ்சும்.

இறங்கும்போது பிரேக்கை நினைத்துப் பயமாக இருக்கிறதா? கிரிப்பிள் கிரீக்கிலிருந்து 67-ஆம் எண் சாலையில் டிவைட் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து 24-ஆம் எண் நெடுஞ்சாலையில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் திரும்பிவிடலாம். முழுக்கத் தார் சாலை. குளிர்காலத்தில் கோல்டு கேம்ப் ரோட்டில் பனியைத் தள்ளி வழி திறந்து வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாகும் நாட்களில் போவதாக இருந்தாலும், கிளம்பும் அன்று காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.