மாநாட்டுக்கும் முகூர்த்தம் பாருங்கள்

எங்கள் தாவரவியல் துறையின் ஆண்டு மாநாட்டையும் மாணவர் பட்டறையையும் ஆறு வருடமாக நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். தேதி குறிக்குமுன் காலண்டரில் முகூர்த்தம் பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு வருடம் தை முகூர்த்தத்தில் வைத்துவிட்டோம். ஊரில் ஒரு லாட்ஜிலும் அறை இல்லை. பெங்களூரிலிருந்து வந்த பேராசிரியர் எங்கள் வீட்டு மாடியில் தூங்கினார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அந்த வாரம் நல்ல பேச்சாளர்களை வேறு கல்லூரிகள் பிடித்திருக்கும்.

ஆய்வுச்சுருக்கம் 250 சொல் போதும். கடைசி நாளை ஒரு வாரம் தள்ளச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். ஒரு நுண்ணோக்கிக்கு மூன்று மாணவர், அதற்கு மேல் வேண்டாம். நான்காவது ஆள் போனைத்தான் பார்ப்பான். வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதைக் காட்டப் போகிறீர்கள் என்றால், மூன்று நான்கு நாள் முன்பே வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளரின் வாயில், அடிப்பகுதி நனையும்படி உட்கார வையுங்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள் நுனியை வெட்டி, 3 பங்கு எத்தனாலும் 1 பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போடுங்கள். நேரம் கெட்டு வெட்டினால், பிரியும் செல்லைத் தேடியே பொழுது போய்விடும். சாயத்துக்கு அசிட்டோகார்மைன்.

அப்புறம் சான்றிதழ். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். போன வருடம் நாற்பது சான்றிதழை மறுபடி அச்சடித்தேன்.