ஃபிலடெல்ஃபியாவில் வீடு பார்க்கிறீர்களா? ரோந்து எல்லையையும் பாருங்கள்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருபவர்கள் வாடகை, ஹீட்டிங், இந்திய மளிகைக்கடை என்று எல்லாம் விசாரிப்பார்கள். லீஸில் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: அந்த வீடு பென் போலீஸ், அதாவது இந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் போலீஸ், ரோந்து வரும் எல்லைக்குள் இருக்கிறதா? கிழக்கே 30-ஆம் தெரு, மேற்கே 43-ஆம் தெரு, வடக்கே மார்க்கெட் ஸ்ட்ரீட், தெற்கே பால்டிமோர் அவென்யூ.

இவர்கள் நம்மூர்க் கல்லூரி வாட்ச்மேன்கள் மாதிரி அல்ல. துப்பாக்கி வைத்திருக்கும், கைது செய்யும் அதிகாரமுள்ள போலீஸ். சம்பளம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. எல்லையின் இருபுறமும் நகரப் போலீஸ் உண்டு. உள்ளே இவர்கள் கூடுதல்.

அந்தக் கூடுதலால் பலன் உண்டா? உண்டு. ஒரு தெருவைத் தாண்டியதும் வீடுகளும் ஆட்களும் சட்டென்று மாறிவிடுவதில்லை, போலீஸ் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. இதை வைத்தே எல்லையின் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. கூடுதல் போலீஸால் அக்கம்பக்கத்தில் குற்றங்கள் 45 முதல் 60 சதவீதம் குறைவு என்று அது கணக்கிட்டது. அதே ஆண்டு வந்த வேறொரு ஆய்வில், ஒரு பல்கலைக்கழகப் போலீஸின் எல்லையை விரித்ததும் உடனே எதுவும் மாறவில்லை. பலன் தாமதமாகத்தான் தெரிந்தது. அதனால் "இப்போதுதான் இங்கேயும் ரோந்து வருகிறது" என்று சொல்லி வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் யோசியுங்கள்.

எல்லைக்கு வெளியே வீடே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. அதோடு, ரோந்து அதிகமானால் எல்லாருக்கும் நிம்மதி என்பதும் இல்லை. 2015-இல் சின்சினாட்டியில், முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று வளாகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு கறுப்பினத்தவரை அந்த ஊர்ப் பல்கலைக்கழகப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அக்கம்பக்கத்தார் இந்தப் போலீஸைச் சந்தேகமாகப் பார்த்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. கார் வாங்கினால், போலீஸ் நிறுத்தும்போது இறங்காமல் கைகளை ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வையுங்கள். கேட்ட பிறகு, சொல்லிவிட்டு லைசென்ஸை எடுங்கள்.

அப்புறம், லைப்ரரியிலிருந்து இரவில் தாமதமாகத் திரும்புபவர்கள் கூச்சப்படாமல் வாக்கிங் எஸ்கார்ட் கேளுங்கள். எல்லைக்குள் வீடுவரை கூட நடந்து வருவார்கள், இலவசம்தான். அவசரம் என்றால் எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, 911-ஐ அழையுங்கள்.