முதன்முதலாகப் பிரசங்கம் செய்வது எப்படி?

குடியாத்தம் பக்கம் ஒரு கிராம சபையில் நான் முதன்முதலாகப் பிரசங்கம் செய்தபோது 14 வசனங்களை எடுத்துக்கொண்டு போனேன். சபையார் பக்கம் புரட்டியே களைத்துப்போனார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இத்தனையில எந்த வசனத்தைப்பா நான் வீட்டுக்குக் கொண்டு போறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரே வேதபகுதிதான்.

1. பகுதியை எடுங்கள்
ஞாயிறு ஆராதனை என்றால் அன்றைய வேதபாடம் எது என்று ஆயரிடம் கேளுங்கள். வீட்டுக் கூட்டத்தில் தொடங்குவது இன்னும் நல்லது. அங்கே நீங்களே தெரிந்தெடுக்கலாம். உதாரணத்துக்கு எரேமியா 17:5-8. கர்த்தரை நம்புகிறவன் தண்ணீர் ஓரத்து மரத்தைப்போல் இருப்பான் என்று சொல்லும் பகுதி அது.

2. பென்சிலோடு வாசியுங்கள்
சத்தமாக ஐந்தாறு முறை வாசியுங்கள். யூடியூபில் மற்றவர்கள் பேசியதை இப்போது கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் குரல்தான் உங்கள் வாயில் வரும். வினைச்சொற்களைக் கோடிடுங்கள். 8ஆம் வசனத்து மரம் கால்வாய் ஓரமாகத் தன் வேர்களை "விடுகிறது". இன்னும் உற்றுப் பாருங்கள்: உஷ்ணமே வராது என்று அங்கே எழுதவில்லை. மழைத்தாழ்ச்சியான வருஷம் அந்த மரத்துக்கும் வருகிறது. எனக்கு இது பிடிபட மூன்று நாள் ஆயிற்று. கர்த்தரை நம்பினால் கஷ்டமே வராது என்று பேச நினைத்திருந்தேன். வசனம் என்னைத் திருத்தியது.

3. ஒரே வாக்கியம் எழுதுங்கள்
"வெயில் எல்லாருக்கும் வரும், என் வேர் எங்கே போகிறது?" இந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிடுங்கள்.

4. ஊரிலிருந்து ஒரு உதாரணம்
வேலூர்க்காரருக்கு உஷ்ணத்தை விளக்க வேண்டாம். பாலாற்றைச் சொல்லுங்கள். மேலே கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த மணல், தோண்டினால் ஊற்று. இரண்டு வாக்கியம் போதும். ஆனால் ஒரு குடும்பம் ஜெபக்குறிப்பாகச் சொன்ன கண்ணீரை ஒருபோதும் உதாரணமாக்காதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று சபைக்குத் தெரிந்துவிடும்.

5. பேசுங்கள்
15 நிமிடம் போதும். முந்தின இரவு நின்றபடி ஒருமுறை முழுவதும் பேசிப் பாருங்கள். "மழைத்தாழ்ச்சி" போன்ற பழைய சொல்லை வாசித்ததும் "மழை பொய்த்துப்போன வருஷம்" என்று விளக்கிவிடுங்கள். 1853ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளான ஸ்கட்டர் சகோதரர்கள், தமிழைக் கற்றுக்கொண்டு இந்தக் கிராமங்களில் பிரசங்கித்தவர்கள். தமிழிலேயே பிறந்த நாம் புரியாத தமிழில் பேசலாமா? கடைசி வரிசையில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் அக்காவைப் பார்த்துப் பேசுங்கள். அவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

6. முடித்த பிறகு
சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றால் ஜெபித்து முடியுங்கள். "கடைசியாக ஒன்று" என்று மறுபடி தொடங்க வேண்டாம். வாசலில் யாராவது ஒருவரிடம், "இன்னைக்கு என்ன மனசுல நின்னுச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அந்த ஒரே வாக்கியத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பிரசங்கத்துக்கு உட்காரும்போது முதலில் அந்தத் தாளை எடுங்கள்.