ஏட்டய்யாவுக்கு நினைவு நாள்: நாங்கள் செய்தது, நீங்களும் செய்யலாம்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலை ஐந்து மணிக்கு விசில் கேட்டால் அது ஏட்டய்யாதான். எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஆகி ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை ஏட்டய்யா என்றே கூப்பிட்டது. போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பைசா வாங்காமல் ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நானும் அந்த மணலில் ஓடியவள்தான். பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் கேட்டார்கள், எனக்கு இரண்டு குறைந்தது. அழுதுகொண்டு நின்றவளிடம், "ஓடத் தெரியும்ல பாப்பா? அப்ப ஓடக் கத்துக்குடு" என்று சொல்லி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்க அனுப்பினார். இன்று நான் பி.டி. டீச்சர்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று முறை நினைவு நாள் நடத்திவிட்டோம். தங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார், என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மண்டபம், மைக் செட் எதையும் பேசுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். படம் எது என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். யூனிஃபார்மில், தொப்பியோடு இருக்கும் படத்தைத்தான் நாங்கள் பெரிதாக்க நினைத்திருந்தோம். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, வேண்டாம் என்றார். "வீட்டுக்குள்ள வந்ததும் அதைக் கழட்டி மாட்டிட்டுதான் தண்ணி குடிப்பாரு. எனக்கு அந்த மனுசன் வேணும்." அரைக்கைப் பனியனும் கழுத்தில் விசிலுமாக மணலில் நிற்கிற படம் ஒன்றை பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். மூன்று வருடமாக அதற்குத்தான் மாலை போடுகிறோம்.

திதி வீட்டாருடையது, அதில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது. அவர் தவறியது ஐப்பசி மழையில். அந்த மாதத்தில் கடற்கரையில் பிள்ளைகளை ஓடவிட முடியாது. அதனால் பொது நிகழ்ச்சியைத் தை மாதத்து ஞாயிறு ஒன்றுக்கு வைத்துக்கொண்டோம். அக்டோபர் 21-இல் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது காவலர் வீரவணக்க நாள். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினர் சுட்டதில் உயிர்விட்ட பத்து மத்திய ரிசர்வ் போலீசாரின் நினைவில் வந்தது, பணியில் இறந்தவர்களுக்கு உரியது. ஏட்டய்யா ஓய்வுக்குப் பிறகு நெஞ்சுவலியில் இறந்தவர். இந்த வித்தியாசத்தை அவரே கறாராகப் பார்ப்பார் என்பதால் நாங்கள் அந்தத் தேதியைத் தொடவில்லை.

அடுத்தது, நினைவுகளைச் சேர்ப்பது. நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமான மனுசன்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். "கடைசியா எங்க பார்த்தீங்க? என்ன சொன்னாரு?" என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் முதலில் கேட்டுவிட்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவர் பத்துப் பேரைத் தூக்கி வந்தார் என்றார் ஒருவர். இரண்டு குழந்தைகள் என்றார் இன்னொருவர். நாங்கள் எண்ணிக்கையையே எழுதவில்லை. மீன் விற்கும் ஒரு அம்மா சொன்னதைத்தான் எழுதினோம். அலை அவர் புடவையை உருவிக்கொண்டு போய்விட்டது. ஏட்டய்யா போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே மாடி வரைக்கும் கூட்டிப் போனாராம். "தொவைச்சு எடுத்துட்டுப் போனேன், வச்சிக்கம்மான்னுட்டாரு." அந்தச் சட்டை இன்னும் அந்த அம்மாவிடம் இருக்கிறது. காலர் நைந்து, மூன்றாவது பித்தான் வேறு நிறத்தில்.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சின்னத் திருட்டில் மாட்டிய பையன்கள் சிலரை அவர் மணலுக்குக் கூட்டிவந்து ஓடவைத்து மனிதராக்கினார். முதல் வருடம் மேடையில் அதைப் பெருமையாகப் பேசினேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் தெருவையும் தொழிலையும் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் இருந்த அந்தத் தம்பி மனைவி பிள்ளையோடு எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஏட்டய்யா பதினஞ்சு வருசமா யாருகிட்டயும் சொல்லல டீச்சர்" என்றார். காவலர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் வாய் திறக்காமல் காத்ததை நாம் அவிழ்த்துவிடக் கூடாது. சம்பந்தப்பட்டவர் தானே வந்து பேசினால் பேசட்டும்.

பேனர் வேண்டாம். அனுமதி இல்லாத பேனரை அவிழ்க்கச் சொல்லி ரோட்டில் நின்றவருக்கு ரோட்டை மறைத்துப் பேனர் வைப்பது பொருந்தாது. அந்தக் காசில் ஷூ வாங்கலாம்.

ஓட்டத்துக்கு வருவோம். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், மீனவ கிராமப் பஞ்சாயத்தாருக்கு நேரில் ஒரு வார்த்தை. வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம் எது என்று அவர்களைக் கேட்டுத்தான் பாதை போட வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும். அதே தூரத்தையே வைக்கிறோம். அளப்பதற்கு 50 மீட்டர் நைலான் கயிறு போதும். பதினைந்து தடவை போட்டால் 750, அங்கே ஒரு கொடி, போய்த் திரும்பினால் 1500. பெண்களுக்கு நான்கு கயிறு தூரத்தில் கொடி. அலை நனைத்த கெட்டி மணலில் ஓடச் சொல்லுங்கள், பொதி மணலில் கணுக்கால் பிசகும். முதலுதவிக்கு ஒருவர், குடிக்கத் தண்ணீர், முடிந்ததும் கேழ்வரகுக் கூழும் சுண்டலும். பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகள் வியர்வை காய்ந்து நடுங்குவார்கள்.

பணம் பற்றி. முதல் வருட உற்சாகத்தில் "ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை" என்று அறிவித்துவிட்டோம். அடுத்த வருடம் வசூல் பாதிகூட வரவில்லை. அதை நம்பிக் காத்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இப்போது முடிந்ததை மட்டும் செய்கிறோம்: காவலர் தேர்வு விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய், ஷூ இல்லாதவர்களுக்கு ஷூ. மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு. வரவு செலவு ஒரே தாளில், அக்கா கையெழுத்தோடு டீக்கடைச் சுவரில்.

கடைசியாக, அவர் விட்டுப்போன பொருள்களில் வேலை செய்கிற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு நீளநோட்டு. இடது பக்கம் பெயர், வலது பக்கம் நிமிடம், நொடி. பெயருக்குக் கீழே பென்சிலில் ஷூ அளவு. சிலருக்கு மட்டும் "காலையில் சாப்பிடவில்லை" என்று ஒரு வரி. அப்படி எழுதியிருந்த பிள்ளைகளுக்கு ஓட்டம் முடிந்ததும் இட்லி வாங்கிக்கொடுத்திருக்கிறார் என்பது டீக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் நாங்கள் தொடர்ந்து எழுதுகிறோம். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் போதாது என்று இப்போது செவ்வாய், வியாழன், சனி காலைகளிலும் ஓட்டம் நடக்கிறது. தை ஞாயிறன்று மட்டும் விசிலை அக்கா ஊதுவார். போன தையில் 23 பேர் ஓடினார்கள். பதினோராவது பெயருக்குக் கீழே, ஷூ அளவு ஆறு, காலையில் சாப்பிடவில்லை என்று என் கையெழுத்தில் இருக்கிறது.